மூன்று மரங்கள் தந்த நீர்

புதிய ஊர் ஒன்றுக்குச் செல்வோர் அவ்வூர்க் கோயிலைத் தரிசிப்பர், கோட்டையைப் பார்ப்பர், கடற்கரையிலே சிறிது நேரம் காற்று வாங்குவர். ஆனால், அவ்வூரார் தாகத்துக்கு எதனை அருந்துகின்றனர் என்று கேட்டறிவோர் மிகச் சிலரே. மேல்நாடுகளில் இதற்கென்றே பிரயாணம் செய்வோர் பலர் உளர். பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் ஊருக்கு ஊர் வேறுபடும் பியர் வகைகளை, அவை ஆக்கப்படும் இடத்துக்கே சென்று சுவைத்துத் திரும்புவது அங்கே ஒரு சிறந்த பொழுதுபோக்கு. நமது இலங்கைத் தீவு சிறியதே. ஆயினும் வடக்கே பனை, தென்மேற்குக் கரையிலே தென்னை, மலைநாட்டிலே கித்துள் என மூன்று மரங்கள் மூன்று விதமான நீரை இத்தீவுக்கு வழங்கி வருகின்றன. அம்மூன்றையும் அவ்வம் மரத்தின் அடியிலேயே நின்று அருந்திப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் நமக்கு நெடுநாளாக இருந்தது. சென்ற பங்குனி விடுமுறையில் அவ்வாவல் நிறைவேறிற்று.

குடும்பத்தார் படிக்கும் பக்கத்திலே கள்ளைப் பற்றிய பேச்சா என்று தாய்மார் முகம் சுளிக்கவேண்டாம். எம்முடன் வந்த நண்பர் ஓர் ஆசிரியர்; மதுவைத் தொட்டறியாதவர். ஆகவே, சென்ற இடமெல்லாம் இரண்டு பாத்திரங்கள் வேண்டியிருந்தன. ஒன்று, புளிக்காத இனிய நீருக்கு, அது அவருக்கு. மற்றையது புளித்த நீருக்கு, அது நமக்கு. ஒரே மரத்தின் நீர் எவ்வாறு இரண்டாகிறது என்பதை அறிந்துகொள்ள இந்த ஏற்பாடு பெரிதும் உதவிற்று.

வடக்கே பனை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியிலே வல்லை வெளியைக் கடந்ததும் வடமராட்சி தொடங்குகின்றது. விடியுமுன் புறப்பட்ட நாம், சூரியன் எழும் வேளையில் அங்குள்ள கிராமம் ஒன்றின் பனங்கூடலை அடைந்தோம். அறுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் அப்பொழுதுதான் மூன்றாவது மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். கால்களில் தளைநார், இடுப்பிலே பாளை சீவும் கத்தி, தோளிலே முட்டி. பனை மரத்தைக் கட்டியணைத்தவாறு அவர் மேலே சென்ற விரைவைக் கண்டு, கீழே நின்ற எமக்கே மூச்சு வாங்கியது.

அவர் இறங்கியதும் தொழிலின் முறையை விளக்கினார். பனையிலே ஆண் பெண் என இரு வகை உண்டு. இரண்டுமே நீர் தரும். நாற்றாக முளைத்த பனை பாளை விடுவதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளேனும் செல்லும். பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவிவர வேண்டும். ஒரு நாள் தவறினால் வெட்டுவாய் காய்ந்து நீர் நின்றுவிடும். ஆகவே, சீவல் தொழிலாளருக்குத் திருநாளும் இல்லை, மழை நாளும் இல்லை. வீட்டிலே மரணம் நிகழ்ந்தாலும் மரம் காத்திருப்பதில்லை.

பாளையிலிருந்து சொட்டும் நீரிலே நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி உள்ளது. நீர் முட்டியில் விழுந்த கணத்திலிருந்தே, காற்றிலும் முட்டியின் சுவரிலும் வாழும் மதுவங்கள் அச்சீனியை உண்ணத் தொடங்குகின்றன. யாரும் எதனையும் கலக்க வேண்டியதில்லை. மாலையில் கட்டிய முட்டியைக் காலையில் இறக்கும்போது அது நுரைத்த கள்ளாகிவிடுகின்றது. ஒரு நாளில் அதன் மதுசாரம் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை உயரும். மேலும் வைத்திருந்தால் புளித்து வினாகிரியாகும். ஆனால், முட்டியின் உட்புறத்திலே முன்கூட்டியே சுண்ணாம்பைத் தடவிவிட்டால் மதுவங்கள் அங்கே பெருகமாட்டா. நீர் இனித்தபடியே இருக்கும். அதுவே கருப்பநீர்.

இதைப் பெரியவர் எம்மைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "சுண்ணாம்பு தடவினால் பிள்ளைக்கு, தடவாவிட்டால் தகப்பனுக்கு. மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், தம்பி."

பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவிலே அவர் இரண்டையும் வார்த்துத் தந்தார். ஆசிரியரின் பிளாவில் கருப்பநீர். அதிலே மாங்காய்த் துண்டுகள் சில மிதந்தன. இனிப்பும் புளிப்பும் ஓலையின் மணமும் ஒன்றாகக் கலந்த அந்நீரை அவர் மூன்று முறை வாங்கிக் குடித்தார். நமது பிளாவில் இருந்த கள் வெண்ணிறமாகச் சிறு சிறு குமிழிகளுடன் நாவைச் சுள்ளென்று தொட்டது. போத்தலில் அடைத்த பனங்கள்ளை நாம் முன்னரும் அருந்தியதுண்டு. மரத்தடியிலே அருந்தியதற்கும் அதற்கும் உள்ள வேற்றுமை, கிணற்று நீருக்கும் தகரத்தில் அடைத்த நீருக்கும் உள்ள வேற்றுமை போன்றது.

பெரியவரின் மனைவியார் வீட்டு முற்றத்திலே கருப்பநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அகன்ற பாத்திரத்திலே பொங்கிப் பொங்கி, நிறம் மாறி, பாகாகி, ஈற்றில் ஓலைக் குட்டான்களிலே ஊற்றப்பட்டுப் பனங்கட்டியாகும் வரை அவர் அடுப்படியை விட்டு அகலவில்லை. இத்தனை நல்ல பொருளை விட்டு ஏன் பெரும்பாலோர் கள்ளையே இறக்குகின்றனர் என்று ஆசிரியர் அவரிடம் கேட்டார். அந்த அம்மையார் அகப்பையை நிறுத்தாமலே விடை சொன்னார்: "கள்ளுக்கு அன்றைக்கே காசு, தம்பி. கட்டிக்கு விறகு வேண்டும். அரைநாள் இந்த நெருப்படியில் நிற்க வேண்டும். அந்த அரைநாளுக்கு யார் விலை தருகிறார்கள்?"

தவறணையில் நாட்கூலி முழுவதையும் இழந்து வீடு திரும்பும் தகப்பன்மாரைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் பிள்ளைகளும் எழுதியிருக்கின்றனர். ஆனால், ஒரு குட்டான் பனங்கட்டியைப் பேரம் பேசாமல் வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? அம்மையாரின் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. ஆசிரியர் இரண்டு குட்டான்களைக் கேட்ட விலைக்கே வாங்கித் தமது பையில் வைத்துக்கொண்டார்.

விடைபெறும் வேளையில் பெரியவர் வேறொரு செய்தியையும் சொன்னார். அவர் இளைஞராக இருந்த காலத்தில், அவர் இறக்கிய கள்ளையும் அவர் வீட்டார் காய்ச்சிய கட்டியையும் ஊரார் அனைவரும் வாங்குவர். ஆனால், தேநீர்க் கடைக்கு அவர் சென்றால் மற்றவர்களுக்குரிய குவளை அவருக்குக் கிடையாது. தகரப் பேணியோ வெற்றுப் போத்தலோதான். கோயிலிலும் வெளிவீதியோடு நின்றுவிட வேண்டும். 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அவர் சிறுவனாக இருந்தபோது கேள்விப்பட்டாராம். "மரத்தின் உச்சியிலிருந்து வந்த நீரில் தீட்டு இல்லை, அதை இறக்கிய கையில் மாத்திரம் தீட்டு இருந்தது," என்று கூறி அவர் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. நம் குடாநாட்டின் பானத்தைப் பெருமையாகப் பேசப் புகுவோர் இந்த வரலாற்றையும் சேர்த்தே விழுங்கவேண்டும்.

தெற்கே தென்னை

யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்தில் கொழும்புக்கு வந்தோம். வழியிலே தலையிழந்து நின்ற பனைகள் சில கண்ணிற்பட்டன. 2009ஆம் ஆண்டில் முடிவடைந்த போரிலே இலட்சக்கணக்கான பனைகள் அழிந்தன. எறிகணை பட்டவை சில, பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டவை பல. இன்று நடப்படும் பனை விதையின் நீரைக் குடிக்க அடுத்த தலைமுறைதான் வரவேண்டும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலிப் பக்கம் செல்லும் புகையிரதம் கடலலைகள் தெறிக்குமளவுக்குக் கரையோரமாகவே ஓடுகின்றது. பாணந்துறை, வாதுவை ஆகிய நிலையங்களைக் கடந்து களுத்துறையை நெருங்கும்போது, தென்னந்தோப்புகளைச் சற்று நிமிர்ந்து பார்க்கவேண்டும். மரத்துக்கு மரம், வட்டுக்குக் கீழே இரண்டிரண்டு தும்புக் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். கீழ்க்கயிறு நடப்பதற்கு, மேற்கயிறு பிடிப்பதற்கு. ஒரு மரத்தில் ஏறியவர், இறங்காமலே கயிற்றின் மீது நடந்து அடுத்த மரத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த மரத்துக்கும் செல்வார். ஐம்பது அடி உயரத்திலே, கீழே வலையேதும் இல்லாமல், கடற்காற்றில் அசையும் கயிற்றின் மீது அன்றாட வேலைக்குச் செல்லும் மனிதரைப் பார்த்தபோது எமது உள்ளங்கால் கூசியது. சர்க்கஸ் கூடாரத்தில் இதே வித்தைக்கு நாம் கைதட்டிக் காசு கொடுக்கிறோம்.

வாதுவையை அடுத்த தோப்பு ஒன்றில் அத்தகைய ஒருவரைச் சந்தித்தோம். ஆசிரியருக்குச் சிங்களம் நன்கு தெரியுமாதலால் பேச்சு எளிதாயிற்று. தென்னம்பாளை விரியுமுன்னரே அதனை இறுகக் கட்டி, சிறு தடியால் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவுகின்றனர். கள் இறக்கப்படும் தென்னை அக்காலத்தில் காய் தராது. தேங்காயா, கள்ளா என்பதைத் தோப்புக்காரர் முன்னரே தீர்மானிக்க வேண்டும். புளிக்காத நீரை இங்கே தெலிஜ்ஜ என்கின்றனர். புளித்ததை ரா என்கின்றனர். ஆசிரியர் தெலிஜ்ஜ அருந்தினார். கருப்பநீரைவிட மென்மையாகவும், சிறிது இளநீர் மணத்துடனும் இருந்தது என்றார். நாம் அருந்திய ராவிலே பனங்கள்ளின் காரம் இல்லை. அது மெல்ல வந்து மெல்லத் தங்கிற்று.

இங்கு இறங்கும் கள்ளின் பெரும்பகுதியைத் தவறணை காண்பதில்லை. அது சாராய வடிசாலைக்கே செல்கின்றது. புளிப்பு மிகுந்தால் வடிப்பதற்கு உதவாது என்பதால் அன்றைய கள் அன்றே போய்ச் சேர வேண்டும். கொதிகலத்தில் ஆவியாகிக் குளிர்ந்து சொட்டும் சாராயத்தை ஹல்மில்ல மரத்தாலான பெரும் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துகின்றனர். இம்மரம் ஆங்கிலேயரின் வியாபாரத்திலே 'திருகோணமலை மரம்' என்ற பெயரைப் பெற்றிருந்தது. மாணவர்களுக்கு மற்றொரு செய்தியும் சுவையாயிருக்கலாம். சாராயத்தைக் குறிக்கும் 'அரக்' என்ற சொல் அறபு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வியர்வை. கலத்தின் மூக்கிலே துளித்துளியாகச் சொட்டுவதைக் கண்டு அப்பெயரிட்டிருக்க வேண்டும். கயிற்றின் மீது நடப்பவரைப் பார்த்தவர்க்கோ அப்பெயருக்கு வேறு பொருளும் தோன்றும்.

கயிற்றுத் தொழில் அருகிவருகிறதென்றும், இளைஞர் எவரும் இதற்கு வருவதில்லையென்றும் கேட்டு நாம் வருந்தினோம். இத்துணை அருமையான வித்தை அழிந்துபோகலாமா என்று, சற்று உணர்ச்சியுடனேயே கூறிவிட்டோம். அந்த மனிதர் எம்மை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மகன் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறானாம். மாதம் பிறந்தால் சம்பளம். மழை பெய்தால் கூரை. தமையனார் ஒருவர் கயிற்றிலிருந்து விழுந்து ஏழு ஆண்டுகள் படுக்கையில் கிடந்து இறந்தவர். "மாத்தயா, உங்களுக்கு ஒரு மகன் இருந்தால் அவனை இதில் நடக்க விடுவீர்களா?" என்று அவர் கேட்டார். ஆசிரியர் அதனை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு மௌனமானார். நாமும் மௌனமானோம். தொழில் அழியக்கூடாது என்று நாம் சொல்வதெல்லாம், எவரோ ஒருவரின் மகன் ஏறவேண்டும் என்பதுதானே? நம் மகன் அல்லவே!

மலையிலே கித்துள்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வீதி களனி கங்கையைத் தொடர்ந்து மலையேறுகின்றது. அவ்வீதியிலுள்ள கித்துல்கலை என்ற ஊர் கித்துள் மரத்தின் பெயரையே தாங்கியிருக்கின்றது. தமிழிலே இம்மரத்தைக் கூந்தற்பனை என்பர். பெண்ணொருத்தி தலைமயிரை அவிழ்த்து விட்டாற்போல நீண்ட சரங்களாகத் தொங்கும் அதன் பூங்கொத்தைக் கண்டவர் அப்பெயரிட்ட முன்னோரை மெச்சாமல் இருக்கமாட்டார்.

பனையும் தென்னையும் தோப்பாக நிற்பவை. கித்துளோ பெரும்பாலும் காட்டோரத்திலும் தோட்ட மூலையிலும் தனித்து நிற்பது. அதன் வாழ்க்கையும் விசித்திரமானது. வளர்ந்து முதிர்ந்த பின்னரே அது பூக்கின்றது. முதற் பூங்கொத்து உச்சியிலே தோன்றும். அடுத்தது அதன் கீழே. பின்னர் அதற்கும் கீழே. இவ்வாறு படிப்படியாக இறங்கி, கடைசிப் பூவும் முடிந்ததும் மரம் பட்டுப்போகும். தனது வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்ததை முடிவுக்காலத்தில் கொடுத்துவிட்டு மறையும் மரம் அது.

இங்கே நாம் கண்ட தொழிலாளி, மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கிலைப் படியாக்கி ஏறினார். பூங்கொத்தின் காம்பிலே சிறு வெட்டு ஒன்றை இட்டு, அதனுள்ளே மருந்து வைத்துக் கட்டுகின்றனர். அம்மருந்தின் சேர்மானம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. சுண்ணாம்பும் மிளகும் சேர்வதாக மட்டும் அவர் சொன்னார்; மீதியைக் கேட்டபோது புன்னகை புரிந்தார். நீர் புளிக்காதிருக்க முட்டியிலே ஹல் மரத்துப் பட்டைத் துண்டுகளை இடுகின்றனர். வடக்கே சுண்ணாம்பு செய்யும் வேலையை இங்கே பட்டை செய்கின்றது.

கித்துள் நீரின் நறுமணம் மற்ற இரண்டிலும் இல்லாதது. மெல்லிய புகை மணமும் காட்டுப் பூவின் மணமும் கலந்தது. அதன் கள்ளை நாம் ஒரு மிடறு மட்டுமே அருந்தினோம். ஏனெனில், அதனைவிடச் சிறந்ததொன்று அடுப்பிலே இருந்தது. பல போத்தல் நீர் வற்றி ஒரு போத்தலாகும் கித்துள் பாணியை எருமைத் தயிரின் மேல் ஊற்றி அவ்வீட்டார் எமக்கு அளித்தனர். சீனியைக் கரைத்து நிறமேற்றிக் 'கித்துள் பாணி' என்று விற்பனை செய்வோர் பெருகிவிட்டனர் என்று அவர் குறைப்பட்டார். உண்மையான பாணியைச் செய்பவருக்கும் பொய்ப்பாணிக்கு உரிய விலையே சந்தையில் கிடைக்கின்றது. வடமராட்சி அம்மையார் கேட்ட கேள்வியே இங்கும் வேறு மொழியில் ஒலித்தது.

குளிர் மலையில்

எமது பிரயாணத்தின் கடைசி இடம் நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உள்ள அந்நகரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பியர் ஆக்கத் தொடங்கினர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864ஆம் ஆண்டில் அல்பேர்ட் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர், அதற்கு முன் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்தவர். அங்கே பியர் ஆக்கத்துக்கு அடியிட்டவர் அவரே என்று சொல்லப்படுகின்றது. குளிர்ந்த காற்றும் மலையருவியின் தெளிந்த நீரும் அத்தொழிலுக்கு ஏற்றவையாக அமைந்தன. நெடுங்காலம் அங்கே இயங்கிய ஆலை, 1990களின் பிற்பகுதியில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமைக்கு இடம் பெயர்ந்துவிட்டது.

ஆலை இல்லாத இடத்துக்கு ஏன் சென்றீர்கள் என்று வாசகர் கேட்கலாம். அந்த வேற்றுமையைக் காண்பதற்காகவே சென்றோம். பியருக்கு வேண்டிய பார்லி தானியம் உலர்ந்தது, கப்பலில் வருவது, அதற்குக் கசப்பூட்டும் ஹொப் பூவும் அவ்வாறே. எனவே, ஆலையைப் பெயர்த்து எங்கும் கொண்டு செல்லலாம். மலையிலிருந்து சமவெளிக்கு அது இறங்கிவிட்டது, மலை தடுக்கவில்லை. பனை நீரையோ, தென்னை நீரையோ, கித்துள் நீரையோ அவ்வாறு செய்ய இயலுமா? அவை பிறந்த கணமே மாறத் தொடங்குகின்றன. மரத்தையும் பெயர்க்க முடியாது; காலை, மாலை தவறாமல் அதில் ஏறும் மனிதரையும் பெயர்க்க முடியாது. அந்த மனிதர் ஏறுவதை நிறுத்தும் நாளில் அந்தப் பானம் இவ்வுலகிலே இல்லாதுபோகும். எந்த ஆலையும் அதனைத் திருப்பித் தரமாட்டாது.

அவர் ஏறவேண்டும் என்று கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. ஏறுவதானால் அச்சமின்றி ஏறுவதற்கான சாதனமும், விழுந்தால் குடும்பத்தைக் காக்கும் ஏற்பாடும், இறக்கிய நீருக்கும் காய்ச்சிய கட்டிக்கும் நியாயமான விலையும், தெருவிலே மற்றவர்க்குரிய மதிப்பும் அவருக்குக் கிடைக்க வேண்டும். அவை கிடைத்தால் அவர் மகனும் ஏறக்கூடும். கிடைக்காவிடில் அவன் ஹோட்டலுக்குச் செல்வதே முறை.

மாலையில் மூடுபனி இறங்கிற்று. வீதியோரத் தேநீர்க் கடை ஒன்றிலே ஒதுங்கினோம். நுவரெலியாவில் அருந்தவேண்டிய ஊர்ப்பானம் தேநீரைவிட வேறு எது? கடையை நடத்திய அம்மையார் தோட்டத்திலே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவர் வெறுந்தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சீனிப் போத்தலைத் தேடியபோது, ஆசிரியர் அவரைத் தடுத்துத் தமது பையிலிருந்து ஓலைக் குட்டான் ஒன்றை எடுத்தார். வடமராட்சியில் வாங்கிய பனங்கட்டி. அதனைத் துண்டாக்கி அம்மையாருக்கும் கொடுத்தார்.

அம்மையார் அதனை நாவிலே வைத்துத் தேநீரை ஒரு மிடறு பருகினார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இது எந்த மரத்துச் சக்கரை, ஐயா? யார் செய்தது?" என்று கேட்டார்.

நாம் அந்தப் பெரியவரைப் பற்றியும், அடுப்படியில் நின்ற அவர் மனைவியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினோம். வெளியே பனி அடர்ந்துகொண்டிருந்தது. மரம் தந்த இனிப்பும் மலை தந்த கசப்பும் ஒரே குவளையில் கலந்து சூடாக இருந்தன. கொழுந்து பறித்தவர் கட்டி காய்ச்சியவரை அறியார். அவர் இவரை அறியார். இருவரது உழைப்பையும் அன்று ஒரே மிடறில் அருந்தினோம். எமது பிரயாணத்தில் அருந்திய நீர்களிலே, நண்பரும் நாமும் ஒரே பானத்தைப் பகிர்ந்தது அதுவொன்றே.